நாற்பத்தேழாம் இலக்கம்

பாரிஸ், 3 மார்ச் 2015

தங்கை மலருக்கு,

முதலில் உன் சுகத்தைக் கேட்க வேண்டும். கேட்டுவிட்டேன் என்று எடுத்துக்கொள். என் முழங்கால்கள் எழுபத்தாறு வயதுக்கு ஏற்றபடி நடக்கின்றன. நான் இருப்பது நாலாம் மாடி, மின்தூக்கி கிடையாது. என்னைப் பார்க்க வருகிறவர்கள் வந்த உடனே பேச முடியாமல் மூச்சு வாங்குவார்கள். அது எனக்கு வசதி.

இந்த மாதம் அப்படி மூச்சு வாங்கியவர்கள் இருவர். ஒருவன் சுகந்தன். எங்கள் ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் வீடியோ கசெட் வாடகைக்குக் கொடுத்துக்கொண்டிருந்தவன். இப்போது ‘திரைப்படத் தயாரிப்பாளர்’ என்று அட்டை அடித்து வைத்திருக்கிறான். மற்றவன் கோகிலன். அதே கடையில் அவனுக்குப் பங்காளியாக இருந்து, சண்டை பிடித்துப் பிரிந்து, லா கூர்னெவில் சாமான் அடுக்கும் கொட்டகை ஒன்றில் ‘கொண்டல் தொலைக்காட்சி’ நடத்துகிறான். ஆறு வருஷமாக ஒருவன் நிற்கும் தேநீர்க் கடைக்குள் மற்றவன் கால் வைப்பதில்லை. இருவருக்கும் வேண்டியது ஒன்றுதான்: உன் அத்தானுடைய கலங்கரையான்.

நீ மறந்திருக்க மாட்டாய். முகமூடி போட்டுக்கொண்டு, கண்ணிலிருந்து வெளிச்சம் பாய்ச்சி, புயலில் அகப்பட்ட வள்ளங்களைக் கரை சேர்ப்பவன். 1971இலிருந்து மூன்று வருஷம் யாழ்ப்பாணத்து வாரப் பத்திரிகையில் சித்திரக்கதையாக வந்தான். ‘கதையும் சித்திரமும்: மடுத்தீன்’ என்று கொட்டை எழுத்தில் போட்டார்கள்.

2009இல் சுகந்தனுக்குத் திரைப்பட உரிமையை எழுதிக் கொடுத்தேன். இரண்டு வருஷம் கழித்துக் கோகிலன் தொலைக்காட்சி உரிமை கேட்டு வந்தான். அது வேறு உரிமை என்றான். வேறு என்றால் வேறாகவே இருக்கட்டும் என்று கொடுத்தேன். இப்போது படத்தைத் தொலைக்காட்சியில் காட்டினால் அது யாருடையது, தொடரைத் தியேட்டரில் ஓட்டினால் அது யாருடையது என்று வழக்கறிஞர் வைத்து அடிபடுகிறார்கள். இதுவரை இருவரும் ஒரு காட்சிகூட எடுக்கவில்லை.

“அன்ரி, அவன் எடுத்தானெண்டால் குளிக்கிற தொட்டிக்குள்ளதான் கடல் காட்டுவான்” என்றான் சுகந்தன்.

“அன்ரி, அவனிட்டச் சொந்தமா ஒரு கமராவும் இல்லை. கலியாண வீட்டுக்காரரிட்ட இரவல் வாங்கிறவன்” என்றான் கோகிலன்.

இரண்டையும் நம்புகிறேன்.

ஒரு சிறு காரியம். கோகிலன் பழைய இதழ்களைப் பூதக் கண்ணாடி வைத்துப் பார்த்திருக்கிறான். எல்லாப் படத்திலும் ஒரு மூலையில், வள்ளத்திலோ கதவிலோ பால் போத்தலிலோ, 47 என்று சின்னதாக இருக்கிறதாம். அது என்ன என்று கேட்டான். வள்ளத்தின் பதிவிலக்கம் என்றேன். “பால் போத்தலுக்குமோ அன்ரி?” என்றான். அவ்வளவு முட்டாள் அல்ல. அவன் உனக்கு எழுதினால் நீ பதில் எழுத வேண்டாம்.

ஜெபத்தில் நினைத்துக்கொள்.

பியட்றிஸ் மடுத்தீன்

*

இயேசு மரி சூசை துணை

மன்னார், 24 மார்ச் 2015

என் அன்புள்ள அக்கா,

ஆண்டவருடைய தயவால் சுகமாக இருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் படிப்பிப்பதை விட்டுவிட்டேன். இப்போது பீடத்துக்குரிய துணிகளைத் தைப்பது என் வேலை. உங்கள் முழங்காலுக்கு நல்லெண்ணெயைச் சூடாக்கிப் பூசிப் பாருங்கள். படி ஏறி இறங்கும்போது கம்பியைப் பிடியுங்கள். பிடிக்க மாட்டீர்கள் என்று தெரியும்.

கோகிலன் என்ற தம்பியின் கடிதம் உங்களுடையதற்கு இரண்டு நாள் முந்தி வந்துவிட்டது. கன்னியர்மடத்துப் பழைய மாணவிகளின் நூற்றாண்டு மலரில் விடுதிப் பிள்ளைகளின் பட்டியலைப் பார்த்தாராம். ‘47 மரியமலர்’ என்று இருந்ததாம். வண்ணானுக்குப் போடும் துணி மாறாமலிருக்க எங்கள் உடுப்பில் எல்லாம் சிவப்பு நூலால் இலக்கம் தைப்போமே, நினைவிருக்கிறதா? உங்களுடையது 12. என் பழைய போர்வையில் 47 இன்னும் அழியாமல் இருக்கிறது.

நான் அவருக்குப் பதில் எழுதவில்லை. அத்தான் கதை சொல்வார், நான் படம் கீறுவேன். இறுக்கமான காற்சட்டை போட்ட ஆம்பிளையை ஒரு குமர்ப்பிள்ளை கீறுகிறாள் என்று ஊர் பேசும், உன் பெயர் வேண்டாம் என்று நீங்கள் சொன்னீர்கள். நானும் சரி என்றேன். அதற்காக அன்றும் ஒன்றும் கேட்கவில்லை, இன்றும் கேட்கவில்லை.

ஆனால் ஒன்று தெரிய வேண்டும். முகமூடிக்குள் இருக்கும் முகத்தை மட்டும் அத்தான் என்னிடம் விட்டிருந்தார், அது யார் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசிப் பகுதியில் காட்டுகிறேன் என்று சொல்லியிருந்தேன். 1974 ஆவணியில், மடத்தில் சேர்ந்த மூன்றாம் நாள், அந்தக் கடைசிப் பகுதியைக் கீறி முடித்து அத்தான் பெயருக்குத் தபாலில் அனுப்பினேன். அது அச்சில் வரவேயில்லை. அத்தானுக்கு அது கிடைத்ததா அக்கா?

தேவதாய் உங்களைக் காப்பாளாக.

மலர்

*

பாரிஸ், 19 ஏப்ரல் 2015

தங்கை மலருக்கு,

கடிதம் கிடைத்தது. நல்லெண்ணெய் இங்கே மூன்று கடைகளில் கிடைக்கிறது, மூன்றிலும் காறல். பாஸ்கா பூசைக்குப் போனேன். பாடகர் குழு பாடியதை ஆண்டவர் மன்னித்திருப்பார். நான் இன்னும் இல்லை.

இங்கே யுத்தம் மும்முரம். சுகந்தன் மெத்ரோ பாலத்தின் தூண்களில் சுவரொட்டி ஒட்டினான்: ‘கலங்கரையான் – விரைவில் வெள்ளித்திரையில்’. மறுநாள் அதே தூண்களில் அதற்கு மேலே கோகிலனின் சுவரொட்டி: ‘கலங்கரையான் – விரைவில் உங்கள் இல்லத்தில்’. மூன்றாம் நாள் மறுபடி சுகந்தன். இப்போது தூண்கள் தடித்துப்போய் நிற்கின்றன. விரைவில் விரைவில் என்று ஆறு வருஷமாகச் சொல்கிறார்கள்.

அதைவிட அசிங்கம், இருவரும் 47 என்று போட்ட பனியன் விற்கிறார்கள். அது மந்திர எண் என்று சுகந்தனும், நட்சத்திரக் கூட்டத்தின் இலக்கம் என்று கோகிலனும் விளம்பரம் செய்கிறார்கள். நேற்று ஸ்டாலின்கிராட் மெத்ரோ நிலையத்துப் பக்கம் ஒரு தடியன் உன் சலவைக் குறியை வயிற்றில் சுமந்துகொண்டு கொத்துரொட்டி தின்றுகொண்டிருந்தான். நம்முடைய விடுதி மதர் அந்தோனியா உயிரோடு இருந்திருந்தால் பிரம்பை எடுத்திருப்பார்.

உன் அத்தான் இதையெல்லாம் பார்க்காமல் கண்ணை மூடினது நல்லது. இந்த நாட்டுக்கு வந்த பிறகு அவர் ஒரு கோடுகூடக் கீறவில்லை. ரெஸ்டோரன்டில் கோப்பை கழுவிய கை பென்சில் பிடிக்காது என்று ஆட்களுக்குச் சொல்லிவைத்தேன். எல்லாரும் மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

வெயில் தொடங்கியிருக்கும். தொப்பி இல்லாமல் தோட்டத்தில் நிற்காதே.

பியட்றிஸ் மடுத்தீன்

*

இயேசு மரி சூசை துணை

மன்னார், 11 மே 2015

அன்புள்ள அக்கா,

சுகம். நீங்களும் அப்படியே இருக்க மன்றாடுகிறேன். தடியன் கதையை இங்குள்ள எங்கள் மதருக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்துச் சிரித்து அவருக்கு இருமல் வந்துவிட்டது.

நான் கேட்டதற்கு நீங்கள் பதில் எழுதவில்லை.

மலர்

*

பாரிஸ், 28 ஜூலை 2015

தங்கை மலருக்கு,

இடையில் எழுத முடியவில்லை. நோய் ஒன்றும் இல்லை. வெக்கை.

நேற்றுப் பின்னேரம் கதவு தட்டப்பட்டது. திறந்தால் சுகந்தனும் கோகிலனும் ஒன்றாக நிற்கிறார்கள். ஒருவன் கையில் கேக் பெட்டி, மற்றவன் கையில் கோப்பு. என் வீட்டில் இருப்பது இரண்டு கதிரை. ஒன்றில் நான் இருந்தேன். மற்றதில் யார் இருப்பது என்று “நீ இரு”, “இல்லை அண்ணை, நீங்கள் இருங்கோ” என்று உபசாரம். கடைசியில் இருவரும் நின்றார்கள்.

“அன்ரி, பழசெல்லாம் முடிஞ்சுது. இப்ப நாங்கள் ரெண்டு பேரும் ஒண்டு” என்றான் சுகந்தன்.

“எப்போதிருந்து?”

“போன வெள்ளிக்கிழமையிலயிருந்து.”

விஷயம் இதுதான். கனடாவில், ரொறொன்ரோவில் ஒரு பெரிய நிறுவனம் கலங்கரையானைப் படமாகவும் தொடராகவும் சேர்த்து எடுக்க முன்வந்திருக்கிறது. ஒருவனிடம் அரை உரிமை, மற்றவனிடம் அரை உரிமை. பிரிந்து நின்றால் இரண்டும் குப்பை. அமெரிக்காவிலும் இரண்டு பெரிய கம்பெனிகள் ஒரு முகமூடிக்காரனுக்காக வருஷக்கணக்கில் அடிபட்டு, இந்த வருஷம் அவனைப் பங்குபோட்டுக்கொண்டனவாம்.

“அவ்வளவு பெரிய ஆக்களே ஒண்டாச் சேந்திட்டாங்கள் அன்ரி. நாங்கள் ஆர்?” என்றான் கோகிலன். அவன் வாழ்க்கையில் கேட்ட முதல் நல்ல கேள்வி.

ரொறொன்ரோக்காரருக்கு இரண்டு வேண்டும். ஒன்று, இந்தப் படைப்பு முழுவதும் மடுத்தீன் ஒருவருடையதே என்ற உறுதி. அந்த 47ஐப் பற்றிக் கோகிலன் எல்லா இடமும் உளறிவைத்ததால், நீ ஒரு படமும் கீறவில்லை என்று நீயே எழுதித் தர வேண்டும்.

“சிஸ்டர்தானே அன்ரி, அவாக்கு உதுகள் ஒண்டும் தேவைப்படாது. ஒரு கையெழுத்து வைச்சால் காணும்” என்றான் சுகந்தன்.

இரண்டாவது, அச்சில் வராத கடைசிப் பகுதி. முகமூடி கழலும் இடம். அது இருந்தால்தான் கதைக்கு முடிவு இருக்கிறது என்கிறார்கள். அப்படி ஒன்று கிடையாது என்று சொல்லிவிட்டேன்.

பத்திரத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். மூன்றாம் பக்கத்தில் கையெழுத்து வை. திரையில் உன் அத்தான் பெயர் பெரிதாக வரும். கோப்பை கழுவியே செத்த மனிதருக்கு அதுவாவது நடக்கட்டும். எனக்கு வேறு ஆசை இல்லை.

கேக்கைக் கீழ்வீட்டு அற்புதராணியிடம் கொடுத்துவிட்டேன். அதில் முட்டை மணம்.

பியட்றிஸ் மடுத்தீன்

*

இயேசு மரி சூசை துணை

மன்னார், 2 செப்டம்பர் 2015

அன்புள்ள அக்கா,

ஆவணித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்கு நடந்து போய் வந்தோம். உங்களுக்காக ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன்.

பத்திரத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பி அனுப்புகிறேன். கோபிக்காதீர்கள். நித்திய வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு எனக்கென்று ஒன்றும் கிடையாது. என்னுடையது எல்லாம் சபையுடையது. இல்லாததை நான் விட்டுக்கொடுக்கவும் முடியாதாம். எங்கள் சபையின் மாகாணத் தலைவிதான் எழுத வேண்டுமாம்.

அது சட்டம். என் காரணம் வேறு. ‘நான் ஒரு படமும் கீறவில்லை’ என்று அதில் இருக்கிறது. ஏழு வயதில் நான் ஒரு பொய் எழுதியதற்காக அதே வசனத்தை நூறு தரம் திருத்தி எழுதவைத்தவர் நீங்கள். என் கை இப்போது அதை எழுதாது.

அத்தான் பெயர் பெரிதாக வர வேண்டுமென்று நானும் விரும்புகிறேன். கதை அவருடையதுதானே.

கடைசிப் பகுதி கிடையாது என்று அந்தத் தம்பிமாரிடம் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். தபாலில் தொலைந்தது என்று எனக்கு ஒரு வரி எழுதினால் நான் நம்புவேன் அக்கா. நாற்பத்தொரு வருஷமாக அப்படித்தான் நம்ப முயற்சி செய்கிறேன்.

மலர்

*

பாரிஸ், 21 செப்டம்பர் 2015

மலருக்கு,

உன்னை மடத்தில் சேர்த்தது ஜெபிக்க, சட்டம் படித்திருக்கிறாய். சந்தோஷம்.

தொலையவில்லை.

ஓர் ஆவணி மாதத்துச் செவ்வாய்க்கிழமை தபால்காரன் மரியான் அதை என் கையில் தந்தான். மூன்று முத்திரை, உன் எழுத்து, ‘திரு. மடுத்தீன் அவர்கள்’ என்று மேலே. என் பெயர் இல்லை. மூன்று வருஷம் ஒரே மேசையில் அவர் பேச நீ கீற, நான் குசினியில் சமைத்தபடி சிரிப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன். போன இடத்திலிருந்தும் அவருக்கு எழுத உனக்கு என்ன இருந்தது என்று நான் நினைத்ததை இங்கே எழுத மாட்டேன். உங்கள் கடிதங்களை மதர் வாசிப்பார்.

அவரிடம் கொடுக்கவில்லை. பிரிக்கவும் இல்லை. விடுதியில் எங்கள் கடிதமெல்லாம் பிரிக்கப்பட்டே வந்ததை நீ மறந்திருக்கலாம், நான் மறக்கவில்லை. இன்னொருவர் கடிதத்தை என் கை பிரிக்காது. யுத்தத்தில் வீட்டை விட்டு ஓடியபோதும், கப்பலிலும், இந்த நாலாம் மாடி வரைக்கும் அது மூடியபடியே என்னோடு வந்தது.

“மலர் அனுப்பினவளோ?” என்று அவர் இரண்டு கிழமை, பதினாலு நாளும் கேட்டார். இல்லை என்றேன்.

இப்போது உனக்குத் தெரிந்துவிட்டது. உடம்பைப் பார்த்துக்கொள்.

பியட்றிஸ் மடுத்தீன்

*

இயேசு மரி சூசை துணை

மன்னார், 15 ஒக்டோபர் 2015

அக்கா,

இந்தக் கடிதத்தை மதர் வாசிக்கவில்லை. முப்பது வருஷமாக ஒருவரும் வாசிப்பதில்லை.

அத்தான் இல்லை. அவருக்கு வந்த கடிதம் இப்போது அனுப்பியவளுடையது. அனுப்பியவள் சொல்கிறேன்: பிரியுங்கள்.

மலர்

*

இயேசு மரி சூசை துணை

மன்னார், 18 நவம்பர் 2015

அன்புள்ள அக்கா,

பாரிஸில் நடந்த தாக்குதலை வானொலியில் கேட்டோம். உங்கள் தெருவுக்கு அது எவ்வளவு தூரம் என்று இங்கே ஒருவருக்கும் தெரியவில்லை. தொலைபேசி எடுக்கிறீர்கள் இல்லை. கடிதத்தைப் பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை, ஒரு வரி எழுதுங்கள்.

மலர்

*

பாரிஸ், 6 ஜனவரி 2016
மூவிராசாக்கள் திருநாள்

மலருக்கு,

உயிரோடு இருக்கிறேன். தொலைபேசியை நான்தான் கழற்றி வைத்தேன். விசாரிக்கிற சாட்டில் சுகந்தன் ஒரு நாளைக்கு நாலு தரம் ‘கடைசிப் பகுதி’ என்றான். உன்னை ஏழு கிழமை தவிக்க விட்டது பிழை. எழுதத் தொடங்கித் தொடங்கிக் கிழித்தேன்.

நத்தாரன்று கிறிஸ்து பிறப்புப் பூசை முடிந்து வந்து, கையைக் கழுவி, உறையைக் கத்தியால் நேராகப் பிரித்தேன். கடிதம் ஒன்றும் இல்லை. ஒரு வரிகூட இல்லை. எட்டுத் தாள் படம் மட்டும்.

பருத்தித்துறைக் கடற்கரைச் சுவர். மத்தியானமே இருட்டிவிட்ட புயல். ஒரு வள்ளம், அதன் முன்பக்க அணியத்தில் 47. சுவரில் கலங்கரையான். எட்டாம் தாளில் கை மேலே போகிறது, முகமூடி கழல்கிறது.

நீ பதினாறு வயதில் பள்ளித் தோழியோடு வள்ளத்தில் போய்ப் புயலில் அகப்பட்ட அன்று, நான் பெற்றோல்மாக்ஸ் விளக்கைத் தூக்கிக்கொண்டு அந்தச் சுவரில் நின்றேன். கரைக்கு வந்ததும் உனக்கு இரண்டு அறை விட்டேன். உனக்கு அறைதான் நினைவிருக்கும் என்று இவ்வளவு காலமும் நினைத்தேன்.

மூக்கை நீளமாகக் கீறியிருக்கிறாய். என் மூக்கு அப்படி இல்லை.

நேற்று இருவரையும் வரச் சொன்னேன். புது ஒப்பந்தத்தை மேசையில் விரித்தார்கள். நான் பக்கத்தில் எட்டாம் தாளை வைத்தேன். கோகிலன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மறுபடி தாளைப் பார்த்தான்.

“அன்ரி... ஹீரோ பொம்பிளையே?”

“அதுவும் உந்த அன்ரியடா” என்றான் சுகந்தன், எனக்குக் கேட்காது என்று நினைத்து.

கொஞ்ச நேரம் இருவரும் சன்னலருகே குசுகுசுத்தார்கள். பிறகு சுகந்தன் தொண்டையைச் செருமினான். “குறை நினையாதேங்கோ அன்ரி. முகமூடியைக் கழட்டாமலே முடிப்பம். சனம் ரெண்டாம் பாகத்துக்குக் காத்திருக்கும்.”

“ஓம், நானும் உதைத்தான் நினைச்சனான்” என்றான் கோகிலன். இந்த ஏழு வருஷத்தில் அவர்கள் மனமொத்துச் சொன்ன முதல் வசனம்.

நான் பேனையை எடுத்தேன். ‘கதையும் சித்திரமும்: மடுத்தீன்’ என்று அடித்திருந்ததை வெட்டினேன். ‘கதை: மடுத்தீன். சித்திரம்: மரியமலர்’ என்று எழுதினேன். முன்பு நான் எழுதித் தந்த இரண்டு பத்திரத்திலும் சித்திரத்தைக் கொடுக்க எனக்கு உரிமை இருக்கவில்லை, ஆகவே இருவரிடமும் இருப்பது வெறும் கதை, மீதி மன்னாரில் ஒரு மடத்துக்குச் சொந்தம் என்றும் விளங்கப்படுத்தினேன். “இனி மாகாணத் தலைவியிடம் போய் இறுக்கமான காற்சட்டையைப் பற்றிப் பேசுங்கள்.”

“அன்ரி, மடுத்தீன் மாஸ்டரின்ர பேர் உலகமெல்லாம் வந்திருக்குமே” என்றான் சுகந்தன். அவன் சொன்னதில் உண்மை இருந்தது. அது எனக்கு வலித்தது. உன் அத்தான் பேருக்கு நான் செய்யக்கூடியதாக இருந்த ஒன்றையும் நானே வெட்டினேன். ஆனால் அந்த மனிதர் இரண்டு கிழமை கேட்டது தன் பெயரை அல்ல, இந்தத் தாளை. அதை என்னால் இனிக் கொடுக்க முடியாது. அதற்கு மேலே இன்னொரு பொய்யையும் அவர் பெயரில் ஒட்ட மாட்டேன்.

இருவரும் ஒன்றாகவே படி இறங்கினார்கள். இரண்டாம் மாடி வரைக்கும் என்னைத் திட்டும் சத்தம் கேட்டது. ஒருவன் விட்ட இடத்தில் மற்றவன் எடுத்துக் கொடுத்தான். நல்ல ஒற்றுமை. முதல் மாடியில், பத்திரத்தில் முதலில் ஏமாந்தது யார் என்று தங்களுக்குள் தொடங்கிவிட்டார்கள்.

ஏழு தாளை இத்துடன் அனுப்புகிறேன். தபால் செலவுக்கு அஞ்சி மடிக்கவில்லை. அட்டை வைத்துக் கட்டியிருக்கிறேன். எட்டாவது என்னிடம் இருக்கும். அது சபையுடைய சொத்து என்று மாகாணத் தலைவி கேட்டால், நாலு மாடி ஏறி வந்து வாங்கிக்கொள்ளச் சொல்.

இதை ஒட்டுமுன் எழுந்து போய்க் கண்ணாடியில் பார்த்துவிட்டு வந்தேன்.

மூக்கு நீ கீறியபடிதான் இருக்கிறது.

அக்கா